அத்தான் கொண்டுவரும் சுவிஸும் கையில் கிடக்கும் கசியோவும்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கல்லடியில் வீடு. செங்கலடியில் வேலை, போய்வருவது மோட்டார் சைக்கிளில். சனி ஞாயிறில் வவுணதீவுப் பக்கம் அப்பாவின் வயல். ஆறு வருசமாகக் கையில் ஒரு கறுப்புக் கசியோ. ஆவணியில் கலியாணம். கட்டாரில் இருக்கும் அத்தான் ஐந்து இலட்சம் ரூபா மட்டில் ஒரு சுவிஸ் ஓட்டோமற்றிக், அதாவது பற்றரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறி ஓடுகிற மணிக்கூடு, வாங்கி வருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அதைத் தினமும் கட்டலாமா, இல்லை பெட்டியில் வைக்கத்தான் சரியா, அவ்வளவு காசுக்கு அப்படி என்னதான் கூடக் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு ரவுனில் முப்பது வருசத்துக்கு மேல் மணிக்கூடு திருத்துகிறவன். விற்கிற ஆள் இல்லை. ஆகவே நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு இலாபமில்லை, அது பழுதானால்தான் இலாபம். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நேரம் பார்க்கத்தான் மணிக்கூடு என்றால் வழக்கு இங்கேயே முடிந்தது. கசியோ வென்றுவிட்டது. அதற்குள் ஒரு குவாட்ஸ் கல் இருக்கிறது. இசைக்கவை மாதிரிச் சின்னஞ்சிறு வடிவம், அரிசி மணியளவு குழாய்க்குள் அடைத்திருப்பார்கள். பற்றரி மின்சாரம் பட்டதும் அது செக்கனுக்கு 32,768 தரம் அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து தரம் பாதி பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு செக்கன். உங்களிடம் இருப்பது நீங்கள் சொன்ன அடையாளப்படி எப்-91டபிள்யூ. 1989 இல் வந்த மொடல், இன்றும் அதே முகம். மாதத்துக்கு 30 செக்கன் முன்பின் போகலாம் என்று கம்பனி சொல்கிறது. பற்றரி ஏறக்குறைய ஏழு வருசம். உங்களுடையதற்கு ஆறு முடிந்துவிட்டது, கலியாணத்துக்கு முதல் ஒருக்கால் மாற்றிவிடுங்கள்.

சுவிற்சர்லாந்தில் குரோனோமீற்றர் சான்றிதழ், அதாவது துல்லியச் சோதனையில் தேறியதற்கான அத்தாட்சி, பெற்ற ஓட்டோமற்றிக் ஒன்றுக்கு அனுமதி எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். மாதக் கணக்கில் மூன்று நிமிடம் வரை போகும். றோலெக்ஸ் தன் மணிக்கூட்டுக்கு நாளொன்றுக்கு 2 செக்கன் முன்பின் என்று வைத்திருக்கிறது. சாவியிலும் சக்கரத்திலும் ஓடுகிற ஒன்றுக்கு அது பெரிய வித்தை, நான் கும்பிடுவேன். ஆனாலும் மாதம் ஒரு நிமிடம் வரை வரும். சில ஆயிரம் ரூபாப் பிளாஸ்டிக்கிடம் அது தோற்றுத்தான் போகும்.

வேடிக்கை என்னவென்றால் குவாட்ஸ் பிறந்தபோது அதுதான் பணக்காரன். சீக்கோ கம்பனி 1969 டிசம்பர் 25 அன்று அஸ்ட்ரோன் என்ற முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 450,000 யென். அப்போது சாவி கொடுக்கிற மணிக்கூடுதான் ஏழைச்சாதி. இருபது வருசத்தில் எல்லாம் தலைகீழாயிற்று.

சரியான நேரம் என்றதும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1996 மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. அப்படியே 2006 சித்திரைப் புத்தாண்டு வரை அரை மணித்தியாலம் கூட ஓடியது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் புது நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் பழைய நேரம். மண்முனையில் அப்போது பாலம் இல்லை, துறைதான். துறை கடந்தால் அரை மணித்தியாலம் மாறும். என்னிடம் வந்துபோகும் ஒரு வாத்தியார் அங்கால் படிப்பிக்கப் போகிறவர். கையில் மாமனார் கொடுத்த தங்கமுலாம் பூசிய சுவிஸ். சட்டைப் பைக்குள் பட்டி அறுந்த ஒரு பிளாஸ்டிக் டிஜிற்றல். "இது வீட்டு நேரம், இது பள்ளிக்கூட நேரம்" என்பார். ஒரு நாள் அந்தப் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பற்றரி போய்விட்டதாம். சுவிஸ் ஒரு மாதமாக நின்று கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் கேட்ட பிறகு "அது கிடக்கட்டும் மனே, மறுகாப் பாப்பம்" என்றார்.

சரி, விலை கூடியதில் என்ன இருக்கிறது? நியாயமாகச் சொல்லவேண்டும்.

மலிவு மணிக்கூட்டின் பின்மூடியைத் திறந்தால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, அதில் தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள், ஒரு பற்றரி. முள்ளு உள்ள மலிவு மணிக்கூடுகளில் எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது மியோட்டா 2035 என்ற ஜப்பான் மெஷின். சிற்றிசன் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் தெரியாத எத்தனையோ முகங்களுக்குள் இதே மெஷின் இருக்கும். பழுதானால் நான் அதைத் திருத்துவதே இல்லை. முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடுவேன், தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். நல்ல சுவிஸ் ஒன்றைத் திறந்தால் கை தன்பாட்டில் மெதுவாகும். சக்கரங்களைத் தாங்கும் பாலத் தகடுகளில் அலைகோடு இழைத்திருக்கும். விளிம்பு ஒவ்வொன்றையும் சரிவாய்ச் சீவி மினுக்கியிருப்பார்கள், யாரும் பார்க்காத பக்கத்தில்கூட. நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் பலன்ஸ் சக்கரம் மணித்தியாலத்துக்கு 28,800 தரம், அதாவது செக்கனுக்கு எட்டுத் தரம் துடிக்கும். அதனால்தான் செக்கன் முள்ளு குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிகிறது. கண்ணில் லூப்பை வைத்துக்கொண்டு இதைப் பார்க்கும்போது அந்த விலையைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. ஆனால் கட்டுகிறவருக்கு அது தெரியாது, அவருக்குத் தெரிவது முகமும் பெயரும்தான்.

இன்னொன்று கண்ணாடி. விலை கூடியதில் சபையர் போட்டிருப்பார்கள். வைரத்தை 10 என்று வைத்த கடின அளவில் அது 9, கல்லடிக் கடற்கரை மணலில் உள்ள படிகம் 7, சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. ஆகவே கடற்கரையில் காற்று வாங்கப் போகிறவரின் மலிவு மணிக்கூட்டில் ஒரு வருசத்துக்குள் கீறல் விழும், சபையரில் விழாது. ஆனால் சீமெந்துச் சுவரில் அடிபட்டால் சபையர் விளிம்பு உடைந்து சிதறும். பழைய பிளாஸ்டிக் கண்ணாடிக்குத் துணியில் பற்பசை தொட்டுத் தேய்த்தால் போதும், கீறல் மறைந்துவிடும். சபையருக்கு அந்த வைத்தியம் இல்லை.

உலோகத்தில் வித்தியாசம் உண்மையானது. மலிவு மணிக்கூட்டின் பின்மூடியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும்: மூடி துருப்பிடிக்காத உருக்கு, மேற்கூடு சாதாரண உலோகம். பித்தளையோ துத்தநாகக் கலவையோ, மேலே குரோமியப் பூச்சு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊர் வியர்வை எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறீர்கள். ஒன்றரை வருசத்தில் பட்டி பொருத்துகிற காதுப் பக்கம் பூச்சு கிளம்பி, உள்ளே பச்சைக் களிம்பு பிடிக்கும். மணிக்கட்டு கடிக்கிறது, மணிக்கூடு ஒத்துவரவில்லை என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த இடத்தில்தான் பிரச்சினை. முழு உருக்குக் கூடு என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதற்காக சுவிஸ்தான் வேண்டும் என்றுமில்லை, ஜப்பான் மணிக்கூடுகளில் நடுத்தர விலையிலேயே முழு உருக்கு வருகிறது. பிளாஸ்டிக் கசியோவுக்கு மேற்கூட்டில் உலோகமே இல்லை, களிம்பு பிடிக்க அங்கே இடமில்லை.

இனித் தண்ணீர். இதில்தான் எங்கள் பக்கத்தில் கூடுதலான மணிக்கூடுகள் சாகின்றன. ஞாயிற்றுக்கிழமை பாசிக்குடாவில் குளித்தவர் திங்கட்கிழமை காலை என் மேசைக்கு வருவார். கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்திருக்கும். "முப்பது மீற்றர் எண்டு போட்டிருக்கே, நான் இடுப்பளவு தண்ணியிலதானே நிண்ட" என்பார். 30 மீற்றர் என்பது முப்பது மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்ற பொருளில் இல்லை. ஆய்வுகூடத்தில் அசையாமல் வைத்து அழுத்திப் பார்த்த கணக்கு அது. நடைமுறையில் முகம் கழுவலாம், மழைத்தூறல் தாங்கும், அவ்வளவுதான். நீந்துவதற்குக் குறைந்தது 50, நிம்மதியாக நீந்த 100. விலை கூடியது என்பதால் தண்ணீர் போகாது என்று நினைக்கவேண்டாம். அழகுக்குக் கட்டும் மெல்லிய சுவிஸ்கள் பலவற்றில் 30தான் இருக்கும்.

தண்ணீரைத் தடுப்பது விலை இல்லை, பின்மூடிக்குள்ளும் சாவிக் குமிழிலும் இருக்கும் றப்பர் வாசர். அது காயும், தட்டையாகும், அறும். என் தொழிலில் நான் செய்த பெரிய பிழையும் அதில்தான். தொடக்க காலத்தில் ஒரு பெரியவரின் சிற்றிசனுக்கு அவசரத்தில் பற்றரி மாற்றியபோது வாசர் பள்ளத்தை விட்டு விலகி நின்றதைக் கவனிக்கவில்லை. மூடி சரியாகத்தான் இறுகியது. மாரி தொடங்கி இரண்டாம் கிழமை மணிக்கூடு நின்றது. திறந்தால் உள்ளே தேநீர் நிறத் தண்ணீர். என் காசில் வேறு மெஷின் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வரவுமில்லை. அன்றிலிருந்து வாசரை வெளியே எடுத்து, துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் பூசித்தான் போடுகிறேன்.

தண்ணீர் போய்விட்டால் அரிசிப் பானைக்குள் போடவேண்டாம், அரிசித் தூசுதான் உள்ளே போகும். உப்புத் தண்ணீர் என்றால் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் ஒருக்கால் அலசித் துடைத்து, அன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டுபோங்கள். உருக்குச் சக்கரத்தின் அச்சுமுனையில் துருப் பிடிக்க இரண்டு மூன்று நாள் போதும்.

இப்போது நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கு வருகிறேன். அந்தச் சுவிஸ் நின்றால் யார் திறப்பார்?

ஓட்டோமற்றிக் மணிக்கூட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது. ஊசிமுனையால் தொட்டு வைக்கிற அளவு. அது காயும். கம்பனிகள் ஐந்து தொடக்கம் பத்து வருசத்துக்கு ஒருமுறை சேர்விஸ் செய்யச் சொல்வார்கள். எங்கள் வெக்கைக்கு நான் ஐந்தையே பிடிப்பேன். சேர்விஸ் என்றால் துடைத்துக் கொடுப்பது இல்லை, முழு மெஷினையும் திருகு திருகாகக் கழற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் வைத்து, திரும்பப் பூட்டி, நாட்கணக்கில் ஓட்டம் பார்ப்பது. பழைய சுவிஸ்களை நானே செய்வேன். புதியவற்றில் சிக்கல் உதிரிப்பாகம். றோலெக்ஸ், ஒமேகா மாதிரியான கம்பனிகள் தங்கள் பாகங்களைத் தாங்கள் அங்கீகரித்த இடங்களுக்குத்தான் கொடுக்கும். என் மாதிரித் தனி ஆளுக்குக் கிடைக்காது. வாசர் ஒன்று வேண்டுமென்றாலும் வெளியூர்தான். எனக்கே நடந்தது: வாடிக்கையாளர் ஒருவரின் நல்ல சுவிஸை அவருக்காக வெளியூரில் ஓரிடத்துக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் போய், கூர்மையாக இருந்த விளிம்புகளை எல்லாம் மினுக்கு மெஷினில் தேய்த்து வழுவழு என்று ஆக்கித் திரும்பி வந்தது. நேரம் சரி, முகவெட்டு போய்விட்டது. அந்தக் கூலிக்கு இரண்டு நல்ல ஜப்பான் மணிக்கூடு வாங்கியிருக்கலாம்.

உங்கள் அத்தான் கட்டாரில் இருக்கிறார். அங்கே வாங்கியதன் உத்தரவாதம் இங்கேயும் செல்லுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். செல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அவர் லீவில் வரும்வரை காத்திருந்து கொடுத்தனுப்பவேண்டி வரும். அதை யோசித்தீர்களா?

வயலுக்கு அதைக் கட்டிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை தலைமயிர் அளவுக்கு மெல்லிசு. அதைக் காக்க ஸ்பிரிங் வைத்த கல் இருக்கிறது, கைதவறி விழுந்தால் ஓரளவு தாங்கும். மண்வெட்டி ஒவ்வொரு போடும் அதற்கு ஒரு அடி. மோட்டார் சைக்கிள் ஓட்டம் பெரிய பிரச்சினை இல்லை. அதைவிடக் காந்தம் பொல்லாதது. போன் ஸ்பீக்கர், போன் உறையில் பூட்டுக்கு வைத்த காந்தம், சவுண்ட் பொக்ஸ். இவற்றுக்குப் பக்கத்தில் இரவில் கழற்றி வைத்தால் பலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகிற மயிர்ச்சுருள் என்ற மெல்லிய ஸ்பிரிங் காந்தமேறி, வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், மணிக்கூடு ஒரு நாளைக்குப் பல நிமிடம் முந்தும். பதறிக்கொண்டு வருவார்கள். காந்தம் நீக்குகிற சின்னப் பெட்டியில் வைத்து எடுத்தால் சில செக்கனில் சரி. காசு வாங்க வெட்கமாயிருக்கும். வாங்குவேன்.

இவ்வளவும் சொன்னதால் ஓட்டோமற்றிக்கே வேண்டாம் என்கிறேன் என்று எடுக்கவேண்டாம். என் மேசைக்குத் தலைமுறை தாண்டி வருகிற மணிக்கூடு ஒன்று உண்டென்றால் அது சீக்கோ 5. 1963 இலிருந்து அந்தப் பெயரில் செய்கிறார்கள். எண்பதுகளில் சவூதி, குவைத் போனவர்கள் வாங்கி வந்தவை இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு அடையாளம் இருக்கும்: மூன்று மணிப் பக்கத்துச் சன்னலில் கிழமை அரபியில் நிற்கும். வளைகுடாவுக்கென்று செய்ததில் அரபி, ஆங்கிலம் இரண்டும் இருக்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஐயா ஒருவர் இருபது வருசமாகக் கிழமை தெரியாமலே கட்டியிருந்தார். "அது என்னவோ எழுத்துப் பூச்சி மாதிரி மாறும்" என்றார். குமிழை இழுத்துத் திருப்பி ஆங்கிலத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து பழையபடி மாற்றச் சொன்னார். மகன் அனுப்பியபோது அப்படித்தானே இருந்ததாம்.

சீக்கோ 5 நாளொன்றுக்கு அரை நிமிடம் முந்தினாலும் கம்பனிக் கணக்கில் அது பிழை இல்லை. தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்தவை பலவற்றில் உள்ள 7எஸ்26 மெஷின் முற்றாகப் போனால் என்.எச்.36 என்ற மெஷின் அதே இடத்தில் உட்காரும். அதை நான் ஒரு கிழமைக்குள் எடுப்பித்துப் போடுவேன். கல்முனையிலும் போடுவார்கள், காத்தான்குடியிலும் போடுவார்கள்.

காத்தான்குடி என்றதும் ஒன்று. அங்கிருந்து வரும் முஸ்லிம் காக்காமார் மஞ்சள் நிற மணிக்கூட்டைக் காட்டி, இதில் தங்கம் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆண்கள் தங்கம் அணிவது அவர்கள் மார்க்கத்தில் கூடாது. மஞ்சளாய் இருப்பதெல்லாம் தங்கமில்லை, டைட்டானியம் நைட்ரைட் பூச்சும் அதே நிறம்தான். எது எதுவென்று எனக்குத் தெரிந்த அளவில் உலோகத்தைச் சொல்வேன். மார்க்கத் தீர்ப்பு மௌலவியிடம்.

கொப்பி மணிக்கூடுகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். செக்கன் முள்ளு வழுக்கினால் அசல், குதித்தால் போலி என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. போலிக்குள்ளும் சீன ஓட்டோமற்றிக் போடுகிறார்கள், அதுவும் வழுக்கும். போன வருசம் ஒரு முதியவர் றோலெக்ஸ் பெயர் போட்ட ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது. திறந்தவுடன் தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஓடுது ஐயா. தண்ணி மட்டும் படாமல் பாருங்க" என்றேன். இரண்டும் உண்மைதானே.

ஆட்கள் பார்ப்பார்கள் என்ற கணக்கும் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது, மறைக்கவேண்டாம். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் கையைப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் சனத்தில் பலருக்குத் தெரிந்த விலை கூடிய பெயர் றோலெக்ஸும் ராடோவும்தான். ஐந்து இலட்சத்துக்குப் புது றோலெக்ஸ் கிடைக்காது. வேறு நல்ல சுவிஸ் பெயர் எதைக் கட்டினாலும் "எங்க வாங்கின, எவ்வளவு?" என்று கேட்பார்கள். நீங்கள் விலையைச் சொன்னால்தான் அது விலை கூடிய மணிக்கூடு.

ஆகவே என் தீர்ப்பு. நீங்கள் அத்தானுக்கு இப்படிச் சொல்லுங்கள்: முழு உருக்குக் கூடு, சபையர் கண்ணாடி, 100 மீற்றர், ஜப்பான் மெஷின். சீக்கோவோ சிற்றிசனோ, எங்கள் ஊரில் திறக்கக்கூடிய ஒன்று. தினமும் கட்ட ஆசை, சேர்விஸ் தொல்லை வேண்டாம் என்றால் சிற்றிசனின் வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் இக்கோ-டிரைவ் நல்லது. மட்டக்களப்பில் வெயிலுக்கா பஞ்சம்? முள்ளு வழுக்குவதைப் பார்க்க ஆசை என்றால் ஓட்டோமற்றிக். இரண்டுமே அவர் சொல்கிற தொகையில் சின்னப் பங்குக்கு வரும். வயலுக்கு அந்தக் கசியோ, அதில் மாற்றமில்லை.

அத்தான் கேட்கமாட்டார், சுவிஸ்தான் என்று நின்றால் சண்டை பிடிக்கவேண்டாம், அது அவருடைய ஆசையும்தான். அங்கீகரித்த கடையில் வாங்கச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் இருக்கவேண்டும். பார்சலில் போடாமல் கையிலே கட்டிக்கொண்டு வரட்டும். முக்கியமாக ஒன்று: கடையில் செயினை அவர் கைக்கு அளவெடுத்துக் குறைத்தால், கழற்றிய கண்ணிகளையும் ஊசிகளையும் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அவர் மெல்லிய கை, நீங்கள் வயல் வேலை செய்த கை. கண்ணி போதாமல் பெட்டிக்குள் கிடக்கிற சுவிஸ் இரண்டு இப்போதும் என் லாச்சியில் இருக்கிறது.